கை ஓரிடம், பிரேக் ஓரிடம்: போட்டி அமைப்பாளர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம்), டைம் டிரையல் (தனியாகக் கடிகாரத்தோடு ஓட்டும் சைக்கிள் பந்தயம்) போட்டிகளை நடத்துபவர்களுக்கும் சைக்கிள் கிளப் பயிற்சியாளர்களுக்கும்,

வணக்கம்.

ஏரோபார் (முழங்கைகளை ஊன்றிக் குனிந்து ஓட்ட ஹேண்டில்பாரில் மாட்டும், முன்னால் நீண்ட கம்பிகள்) உள்ள சைக்கிளில் வருகிறவருக்கு அவசரத்தில் பத்திரமாக நிறுத்தத் தெரியுமா என்று நாம் யாரும் சோதிப்பதில்லை. ஹெல்மெட் வாரை இழுத்துப் பார்க்கிறோம். ஹேண்டில்பார் முனைகள் அடைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கிறோம். முன்னால் போகிறவருக்கும் பின்னால் வருகிறவருக்கும் எத்தனை மீட்டர் இடைவெளி என்று மோட்டார் சைக்கிளில் கூடவே போய்க் கவனிக்கிறோம். நிறுத்தத் தெரியுமா என்ற கேள்வி மட்டும் பதிவுப் படிவத்திலும் இல்லை, பயிற்சி அட்டவணையிலும் இல்லை. அதைச் சேருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஏரோபார் ஏன் வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். 1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாளில், வெர்சாயிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீட்டர் தனிநபர் ஓட்டம். 50 நொடி பின்தங்கியிருந்த அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் ஏரோபாரில் குனிந்து ஓட்டி, முதலிடத்தில் இருந்த பிரெஞ்சு வீரர் லோரான் ஃபின்யோனை மொத்தக் கணக்கில் 8 நொடி வித்தியாசத்தில் வென்றார். அன்றைய சராசரி வேகம் மணிக்கு 54 கிலோமீட்டருக்கும் மேல். அதற்குப் பிறகு இந்தக் கருவியின் பயனைப் பற்றி யாரும் வாதாட வேண்டிய தேவை இருக்கவில்லை. நானும் அதற்கு எதிரி இல்லை. தனியாக, நேரான, திறந்த சாலையில் ஓட்டுவதற்கு இதைவிட நல்ல நிலை கிடையாது.

ஆனால் அந்த வேகத்துக்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்று பாருங்கள். முழங்கைகள் பேடில் இருக்கும். கைகள் முன்னால் நீண்ட இரண்டு கம்பிகளின் நுனியில், கியர் மாற்றும் இடத்தில் இருக்கும். பிரேக் லீவரோ டைம் டிரையல் சைக்கிளில் பேஸ் பாரின், அதாவது ஏரோபாரைத் தாங்கும் குறுக்குக் கம்பியின், இரு முனைகளில் இருக்கிறது. சாதாரண ரோடு பைக்கில் கிளிப்-ஆன் ஏரோபார் மாட்டியிருந்தால் ஹூட்டில், அதாவது வளைந்த ஹேண்டில்பாரின் மேலுள்ள கைப்பிடியில், இருக்கிறது. அதாவது சைக்கிள் அதிக வேகமாகப் போகும் நேரத்தில்தான் ஓட்டுபவரின் எந்த விரலும் பிரேக்கின் மேல் இல்லை. பிரேக் பிடிக்கும் முன் இன்னொரு வேலை இருக்கிறது: உடம்பைத் தூக்கி, ஒரு கையை எடுத்து, பிறகு மறு கையை எடுத்து, லீவரைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

இதைக் கணக்கில் பார்ப்போம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்குச் சுமார் 11 மீட்டர். எதிரே ஏதோ இருக்கிறது என்று கண்ணும் மூளையும் புரிந்துகொள்ள ஒரு நொடி என்று வையுங்கள், 11 மீட்டர் போயிற்று. பழகிய கை இடம் மாற அரை நொடி, இன்னும் ஐந்தரை மீட்டர். காய்ந்த சாலையில், ஈர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவுக்கு நன்றாகப் பிரேக் பிடித்தால் நிற்க இன்னும் 12 முதல் 13 மீட்டர் வேண்டும். மொத்தம் கிட்டத்தட்ட 29 மீட்டர். பழகாத கை தடுமாறி ஒன்றரை நொடி எடுத்துக்கொண்டால் 40 மீட்டரை எட்டிவிடுகிறது. அப்புறம் வேகம் 50 ஆனால், பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் மட்டுமே 20 மீட்டருக்குப் போகிறது, ஏனென்றால் அந்தத் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு சேர்ந்து ஏறுகிறது.

நெடுந்தூர டிரையத்லான்களில் முன்னால் போகிறவரின் காற்று மறைவில் ஒட்டி ஓட்டுவதை (டிராஃப்டிங்) தடுக்க நாம் பரவலாகக் கடைப்பிடிக்கும் இடைவெளி 12 மீட்டர். அதுவும் முன்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை. முன்னால் போகிறவரின் சைக்கிள் நீளத்தைக் கழித்தால் நடுவில் வெற்றிடம் 10 மீட்டர்தான். 40 கிலோமீட்டர் வேகத்தில் அதைக் கடக்க ஒரு நொடிகூட ஆகாது. அந்த விதி காற்றின் பலனைப் பிறர் திருடாமல் இருக்க வந்தது. நிற்கும் தூரத்தைக் கணக்கிட்டு யாரும் அதை எழுதவில்லை. ஆனால் 12 மீட்டர் விட்டுவிட்டோம், பத்திரமாக இருக்கிறோம் என்று நம்பித்தான் பலர் தலையைக் குனிந்துகொள்கிறார்கள்.

தலை குனிவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2022 ஜனவரியில் எகான் பெர்னல், டூர் டி பிரான்ஸையும் ஜீரோ டி இத்தாலியாவையும் வென்றவர், கொலம்பியாவில் டைம் டிரையல் சைக்கிளில் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது நின்றிருந்த பேருந்தின் பின்புறத்தில் மோதினார். தொடை எலும்பு, முதுகெலும்பு, விலா எலும்புகள் முறிந்தன, நுரையீரல் பாதிக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் நெதர்லாந்தில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப் டைம் டிரையலில் சுவிஸ் வீரர் ஷ்டெஃபான் கூங் தலை குனிந்தபடி ஓட்டிப் பாதையோரத் தடுப்பில் மோதி, உடைந்த ஹெல்மெட்டோடும் ரத்தம் வழிந்த முகத்தோடும் எல்லைக் கோட்டைத் தாண்டினார். உலகத்தின் மிகச் சிறந்த கைகள் இவை. பிரேக் பிடிக்கத் தெரியாதவர்கள் என்று இவர்களை யாரும் சொல்ல முடியாது. பார்க்கவே இல்லை என்றால் எந்தத் திறமையும் பயன்படாது. இவர்களுக்கே இப்படி என்றால், வார இறுதியில் மட்டும் சாலைக்கு வருகிற ஒருவரை அதே நிலையில் குனிய வைத்து அனுப்பும் நமக்கு எவ்வளவு பொறுப்பு இருக்கிறது!

பயிற்சியாளர்களே, இங்கே உங்களிடம் கொஞ்சம் அழுத்தமாகவே பேசுகிறேன். வீட்டுக்குள் டிரெய்னரில் (சைக்கிளை நகராமல் நிறுத்தி மிதிக்கும் தாங்கியில்) மணிக்கணக்காக ஏரோ நிலையில் உட்கார வைக்கிறீர்கள். இடுப்பு பழகுகிறது, கழுத்து பழகுகிறது, கால்களில் வலு ஏறுகிறது. அங்கே பிரேக் என்ற ஒன்றே இல்லை. திருப்பம் இல்லை, நாய் இல்லை, கதவைத் திறக்கும் கார் இல்லை. அப்படிப் பல மாதம் பழகியவர் முதல் முறை சாலைக்கு வரும்போது, அவருடைய கால்களுக்கு 40 கிலோமீட்டர் வேகம் தெரியும், கைகளுக்கு எதுவுமே தெரியாது. இதோடு நிற்பதில்லை. ஓட்டம் முடிந்ததும் எத்தனை சதவீத நேரம் ஏரோ நிலையில் இருந்தாய் என்று கேட்கிறீர்கள். அந்த எண் குறைந்தால் முகம் சுளிக்கிறீர்கள். அப்புறம் ஒரு சந்திப்பை நெருங்கும்போது அவர் கையை எடுக்கத் தயங்கினால் அதில் என்ன வியப்பு?

கையை எடுத்தால் என்ன நஷ்டம் என்பதையும் கணக்குப் போட்டுவிடலாம். 200 மீட்டர் தூரத்துக்கு 40 கிலோமீட்டருக்குப் பதிலாக 36 கிலோமீட்டரில் ஓட்டினால் 18 நொடிக்குப் பதில் 20 நொடி ஆகும். ஒரு சந்திப்புக்கு இரண்டு நொடி. பத்து சந்திப்பு உள்ள பாதையில் 20 நொடி. பல மணி நேரம் நீளும் போட்டியில், காலணி மாற்றும் இடத்தில் இதைவிட அதிக நேரத்தைத் தொலைக்கிறவர்கள்தான் பெரும்பாலோர்.

சரி, எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும்? முதலில் சீட்டில் பின்னால் நகர்வது. டைம் டிரையல் சைக்கிளில் சீட் டியூப் (சீட்டைத் தாங்கும் குழாய்) அதிகச் செங்குத்தாக நிற்பதால் உடம்பின் எடை ரோடு பைக்கில் இருப்பதைவிட முன்னால் போகிறது. ரோடு பைக்கில் கிளிப்-ஆன் மாட்டி வேறு எதையும் மாற்றாமல் விட்டாலும் எடை முன்னால்தான் சாய்கிறது. முன் பிரேக்கை இழுத்தால் சைக்கிள் வேகம் குறையும், ஆனால் உடம்பு முன்னால் போய்க்கொண்டே இருக்கப் பார்க்கும். அதைத் தடுக்க இரண்டு கைகளும் நீட்டித் தாங்கும் நிலையில் இருக்க வேண்டும். முழங்கைகள் பேடில் இருந்தால் தாங்க எதுவுமே இல்லை. ஆகவே பேஸ் பாருக்கு வரும் அதே அசைவில் இடுப்பும் பின்னால் போக வேண்டும். இவற்றை இரண்டு தனி வேலையாகக் கற்றுக்கொடுத்தால் அவசரத்தில் ஒன்று விட்டுப்போகும்.

அடுத்தது, ஒரு கை மட்டும் இறங்கிய நிலையில் பிரேக்கை இறுகப் பிடிக்காமல் இருப்பது. நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். பதற்றத்தில் வலது கை பேஸ் பாருக்குப் போய் லீவரை இறுக்கிவிடும், இடது கை இன்னும் ஏரோபாரிலேயே இருக்கும். முன்னால் பாயும் உடம்பின் எடை முழுவதும் அந்த ஒற்றைக் கையின் வழியே பாரின் வலது முனையில் இறங்கும். பாரின் வலது முனை முன்னால் தள்ளப்பட்டால் சக்கரம் இடப்பக்கம் திரும்பும். நேராக நிற்க நினைத்தவர் நிலைதடுமாறி, பக்கத்தில் வரும் வண்டிக்கு முன்னால் விழக்கூடும். முதலில் இறங்கும் கை சைக்கிளைப் பிடித்து நிலைநிறுத்துவதற்கு. இரண்டாவது கை வந்து சேர்ந்த பிறகுதான் முழு அழுத்தம். இது சொல்லிப் புரிய வைக்கிற விஷயமில்லை, உடம்பில் ஏற வேண்டிய பழக்கம்.

பிறகு முன் பிரேக். தூக்கி எறிந்துவிடும் என்று பயந்து பின் பிரேக்கை மட்டுமே பிடிக்கும் ஆட்களை எல்லாக் கிளப்பிலும் பார்க்கலாம். பலமாகப் பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்கு மாறுகிறது. பின்சக்கரம் இலேசாகி, கொஞ்சம் அழுத்தினாலே வழுக்குகிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. அதை வெடுக்கென்று இழுக்காமல், ஒரே சீராக இறுக்கிக்கொண்டே போகப் பழக வேண்டும். பின்சக்கரம் மேலெழுவதுபோல் தோன்றினால் முன் பிரேக்கைச் சற்றுத் தளர்த்த வேண்டும். இன்னொன்று, எந்த லீவர் எந்தச் சக்கரத்துக்கு என்பது எல்லா நாட்டிலும் ஒன்றாக இல்லை. சில நாடுகளில் வலது லீவர் முன் பிரேக், சில நாடுகளில் இடது லீவர். இரவல் சைக்கிளிலோ வெளிநாட்டில் வாங்கிய சைக்கிளிலோ வருகிறவரிடம் இதைக் கேட்காமல் விடாதீர்கள்.

திருப்பத்துக்கு முன்பே பிரேக்கை முடித்துவிட வேண்டும் என்பதை அவர்கள் ஏற்கெனவே கேட்டிருப்பார்கள். ஏரோபார்காரருக்கு இதோடு இன்னொரு வரியைச் சேர்க்க வேண்டும்: பிரேக் பிடிக்கும் இடத்துக்கும் முன்பே கை இறங்கியிருக்க வேண்டும். குறுகலாக ஒட்டிய முழங்கைகளோடு பாரைத் திருப்பும் வலு குறைவு. காற்று பலமாக வீசும் இடத்தில், ஆழமான ரிம் உள்ள முன்சக்கரம் காற்றில் இழுபடும் அதே நொடியில் கையை மாற்றுவது கடினம். ஆகவே பாலம், கட்டடங்களுக்கு இடையேயான வெட்டவெளி, பெரிய லாரி கடந்து போகும் தருணம் இவற்றுக்கெல்லாம் முன்கூட்டியே இறங்கிவிடுவதே நல்லது.

இதைப் பழக்க ஆளில்லாத ஒரு மைதானமும் ஒரு விசிலும் போதும். மெதுவான வேகத்தில் ஏரோ நிலையில் வரச் சொல்லுங்கள். விசில் அடித்ததும் கைகளைப் பிரேக்குக்கு இறக்கி, சைக்கிளை நிறுத்த வேண்டும். எங்கே நின்றார் என்று தரையில் கோடு போடுங்கள். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். விசில் எப்போது வரும் என்று அவருக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் கை முன்பே தயாராகிவிடும். பிறகு குடிநீர் குடுவையைக் கையில் வைத்திருக்கும்போது விசில் அடியுங்கள். குடுவையைக் கீழே போட்டுவிட்டுப் பிரேக்குக்குப் போவதா, அதைக் காப்பாற்றப் பார்ப்பதா என்று கை தயங்குவதை நீங்களே பார்ப்பீர்கள். போடச் சொல்லிப் பழக்குங்கள். தரை ஈரமாக இருக்கும் நாளிலும் ஒரு முறை செய்யுங்கள். ரிம் பிரேக் என்றால் ஈரத்தில் முதல் சில சுற்றுகளுக்குப் பிடிப்பே இருக்காது, தண்ணீர் துடைபட்ட பிறகுதான் பிடிக்கும். கார்பன் ரிம்மில் இது இன்னும் மோசம். டிஸ்க் பிரேக்கில் அந்தத் தாமதம் மிகக் குறைவு. ஆனால் டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பை டிஸ்க் கூட்டித் தராது என்பதை அதை வாங்கியவர்களுக்கு யாராவது சொல்லியாக வேண்டும்.

போட்டி அமைப்பாளர்களே, இனி உங்களிடம். பதிவு செய்யும் இடத்தில் ஹெல்மெட் சோதனைக்காக வரிசை நிற்கிறது. அதே வரிசையில் சைக்கிளையும் சோதியுங்கள். முன் லீவரை இழுத்துச் சைக்கிளை முன்னால் தள்ளினால் பின்சக்கரம் எழ வேண்டும். பின் லீவரை இழுத்துத் தள்ளினால் பின்சக்கரம் உருளாமல் இழுபட வேண்டும். லீவர் பாரைத் தொடும் அளவுக்கு உள்ளே போனால் அந்தச் சைக்கிளை உள்ளே விடக்கூடாது. ஒருவருக்குப் பத்து நொடிகூட ஆகாது.

இந்தச் சோதனை ஏன் தேவை என்றால், போட்டிக்கு முந்திய நாளில்தான் பிரேக் கெடுகிறது. பயிற்சிச் சக்கரத்தைக் கழற்றிப் போட்டிச் சக்கரம் மாட்டுவார்கள். ரிம்மின் அகலம் வேறு, கேபிளைத் திருத்தியிருக்க மாட்டார்கள். அலுமினிய ரிம்முக்கான பிரேக் கட்டையோடு கார்பன் ரிம்மில் ஓட்டுவார்கள். பயணப் பெட்டியில் சக்கரம் இல்லாமல் வைத்திருந்தபோது ஹைட்ராலிக் லீவர் அழுந்தி, பிஸ்டன்கள் உள்ளே நெருங்கியிருக்கும். ஏரோபார் திருகுகளைப் பாதி இறுக்கிய நிலையில் விட்டிருப்பார்கள். பழைய டைம் டிரையல் சைக்கிள்களில் காற்றுக்கு மறைவாக இருக்கட்டும் என்று பின் பிரேக்கைப் பெடல் அச்சுக்கு அடியில் வைத்திருப்பார்கள். சாலையின் அழுக்கெல்லாம் அங்கேதான் சேரும், எட்டித் திருத்துவதும் கஷ்டம். கேபிள் பாருக்குள் கூர்மையாக வளைந்து போவதால் லீவரும் கனமாக இருக்கும். அழகான சைக்கிள், பலவீனமான பிரேக். இந்தச் சேர்க்கை நாம் நினைப்பதைவிடப் பரவலானது.

பாதை அமைப்பிலும் கொஞ்சம் மாற வேண்டும். இறக்கத்தின் அடியில் யூ-டர்ன் வைக்காதீர்கள். வேறு வழியே இல்லை என்றால், திருப்பத்தைக் காட்டும் கோனுக்கு 100 மீட்டர் முன்பே பெரிய பலகை வைத்து, ஏரோபாரிலிருந்து கையை எடுக்கச் சொல்லுங்கள். 45 கிலோமீட்டர் வேகத்தில் 100 மீட்டர் என்பது 8 நொடி, அது போதும். குடிநீர் நிலையத்தின் முழு நீளத்தையும் ஏரோபாரில் ஓட்டக்கூடாத இடமாக அறிவியுங்கள். அங்கே தன்னார்வலர்கள் கையில் குடுவையோடு சாலைக்குள் எட்டி நிற்கிறார்கள். முன்னால் போகிறவர் எந்த அறிவிப்பும் இல்லாமல் வேகத்தைக் குறைப்பார், பின்னால் வருகிறவர் ஒற்றைக் கையில் ஓட்டுவார். சைக்கிளை விட்டு இறங்க வேண்டிய கோட்டுக்கு முன்பும் இதே விதி வேண்டும். விதியை மீறினால் டிராஃப்டிங்குக்குக் கொடுக்கும் அதே தண்டனையைக் கொடுங்கள். தண்டனை இல்லாத விதியை யாரும் படிக்கவே மாட்டார்கள்.

சர்வதேசச் சைக்கிள் சம்மேளனமான யூசிஐ கூட்டமாக ஓட்டும் சாலைப் பந்தயங்களில் ஏரோபாரை அனுமதிப்பதில்லை. 2021 ஏப்ரல் முதல், டைம் டிரையல் தவிர மற்றச் சாலைப் பந்தயங்களில் முன்கைகளை ஹேண்டில்பாரில் ஊன்றி ஓட்டுவதையும் தடை செய்திருக்கிறது. உலகத்தரம் வாய்ந்த தொழில்முறை வீரர்களுக்கே இந்தக் கட்டுப்பாடு. ஆனால் கிளப்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடுவில் ஒருவர் ஏரோபாரில் குனிந்தபடி, முன்னால் போகிறவரின் பின்சக்கரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி ஓட்டுகிறார், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பயிற்சியாளர்கள் இதை உடனே நிறுத்தலாம். கூட்டத்தில் ஓட்டும்போது ஏரோபார் கூடாது, முன்னால் இழுக்கிறவருக்கும் கூடாது. முன்னால் இருப்பவர்தான் பள்ளத்தை முதலில் பார்த்துக் கையால் காட்ட வேண்டியவர்.

அனுபவசாலிகள் முணுமுணுப்பார்கள். பல வருடம் ஓட்டுகிறேன், எனக்கு எதற்குச் சோதனை என்பார்கள். நீந்தத் தெரியுமா என்று கேட்கும்போது இதே ஆட்கள் கோபப்படுவதில்லை. பணமும் ஆளும் வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். போட்டிக்கு முந்திய நாள் சைக்கிள் ஒப்படைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் 60 மீட்டர் நீளத்துக்கு ஒரு தடம், இரண்டு கோன், ஒரு தன்னார்வலர். முதல் வருடம் புதிதாகப் பதிவு செய்பவர்களுக்கு மட்டும் வையுங்கள். விசில் அடித்ததும் இரண்டு கையும் இறங்கி, நேர்கோட்டில் நிற்கிறாரா என்று பாருங்கள். நிற்க முடியாதவரைத் திருப்பி அனுப்ப வேண்டாம். ஏரோபாரைத் தொடாமல் ஓட்டச் சொல்லி, அவருடைய எண் அட்டையில் ஒரு குறி ஒட்டி உள்ளே விடுங்கள். அடுத்த போட்டிக்குள் அவரே பழகிக்கொண்டு வருவார்.

அடுத்த போட்டியின் விதிக்கையேட்டைத் தயாரிக்கும்போது இவற்றில் பிரேக் சோதனையையும் குடிநீர் நிலைய விதியையுமாவது சேர்த்துவிடுங்கள். சேர்க்க முடியாது என்றால் என்ன தடை என்று எல்லோரும் படிக்கும்படி பதில் எழுதுங்கள். விசிலோடு தடத்தில் நிற்க ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன், என்னோடு ஓட்டுகிறவர்களையும் அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
புதியவர்களோடு சாலையில் ஓட்டும் ஒரு சைக்கிள் பயிற்சியாளர்